கோட்டைக்கு அடியில் கிடந்த உழவு

"வெறும் மண்ணுதானே அண்ணா, இதுல பாக்க என்ன இருக்கு?"

வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரி என்ற சின்ன ஊருக்கு வடமேற்கே ஒரு மைல் தள்ளி, சாலையோரம் காரை ஒதுக்கிவிட்டு நண்பர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அன்று காலையில்தான் பக்கத்தில் உள்ள போவிஸ் கோட்டையில், திப்பு சுல்தான் தோற்றபின் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுவந்த பொருட்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். செங்கல் நிறச் சுவர், அடுக்கடுக்கான தோட்டம், உள்ளே தங்கப் புலித்தலை. அதைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மரம் மண்டிய ஒரு மேடு. சுவர் இல்லை, வாசல் இல்லை. தனியார் நிலம், எட்டி நின்றுதான் பார்க்க முடியும். ஹென் டோமென் என்று பெயர், ஒரு காலத்தில் மண்ணும் மரமுமாக நின்ற கோட்டை. 'பழைய மேடு' என்பதைத் தாண்டி வேல்ஸ் மொழிக்காரர்களும் அதற்கு ஒரு பெருமைப் பெயர் வைக்கவில்லை.

நண்பருக்கு அன்று ஏதோ பதில் சொன்னேன். ரோஜர், நார்மன்கள், 1070-கள் என்று. அவரும் தலையாட்டினார். ஆனால் "வெறும் மண்" என்ற அந்தச் சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்த மேட்டைப் பற்றி நான் படித்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அந்தச் சொல்லோடு சண்டை போட்டன. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இடம். செவர்ன் ஆற்றில் ரித்விமன் என்று ஒரு ஆழமில்லாத துறை இருக்கிறது. ஷ்ரூஸ்பரி பக்கமிருந்து நடு வேல்ஸுக்குள் நுழைய வேண்டுமானால் படைக்கு வசதியான துறை அது. ரோமர்கள் அதன் பக்கத்திலேயே ஒரு முகாம் போட்டார்கள். அதற்கும் முன்பு, மான்ட்கோமரிக்கு மேலே உள்ள குன்றில் இரும்புக் காலத்து மக்கள் மண்கரை எழுப்பிக் குடியிருந்தார்கள். ஊருக்குக் கிழக்கே சற்று நடந்தால், எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா அரசன் ஆஃபா போட்ட நீண்ட கரை வயல்களைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஆக, ரோஜர் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் அதிகாரம் மண்ணால்தான் தன்னை எழுதிக்கொண்டிருந்தது. 1066-இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னனுக்கு நெருக்கமான ரோஜர், நார்மண்டியில் தன் சொந்த ஊரான மான்ட்கோமரியின் பெயரைக் கொண்டுவந்து இங்கே வைத்தார். ஷ்ரூஸ்பரியின் ஏர்லாக, அதாவது பெரும்பிரபுவாக, அவர் ஆனதும், துறையைப் பார்த்தபடி ஒரு மேட்டை எழுப்பச் செய்தார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன வரி என்று வில்லியம் 1086-இல் எடுக்கச் செய்த டூம்ஸ்டே கணக்கில், ஏர்ல் ரோஜர் கட்டிய மான்ட்கோமரி கோட்டை என்று அது பதிவாகிவிட்டது.

செய்முறை கேட்கச் சுலபம். வட்டமாக அகழி வெட்டு. வெட்டிய மண்ணை நடுவில் குவி. கண்மாய் வெட்டுகிறபோது அந்த மண்ணே கரையாகிற மாதிரி, பள்ளமும் மேடும் ஒரே வேலையில் முடிந்துவிடும். மேட்டின் உச்சியில் மரக் கோபுரம். கீழே ஒட்டினாற்போல் பெய்லி என்கிற முற்றம். அதில் கூடம், குதிரை லாயம், தானியக் கிடங்கு, வீரர்களின் இருப்பிடம். ஹென் டோமெனில் அந்த முற்றத்தைச் சுற்றி இரட்டைக் கரை, இரட்டை அகழி, கரைமேல் மரவேலி. முற்றத்திலிருந்து மேட்டுக்கு அகழியைத் தாண்டி ஏறும் ஒரு மரப் பாலம்.

கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை

மான்ட்கோமரிக்கு வருகிறவர்கள் ஏறுவது ஊருக்கு மேலே பாறையில் நிற்கும் கல் கோட்டைக்குத்தான். மூன்றாம் ஹென்றி 1223-இல் தொடங்கியது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. இரட்டைக் கோபுர வாசல், பாறையைக் குடைந்த அகழி, மேலே நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் காலடியில். நன்றாகப் பராமரிக்கிறார்கள், தகவல் பலகைகள் உண்டு. நானும் அங்கே வெகுநேரம் இருந்திருக்கிறேன், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கல் கோட்டை இன்று எலும்புக்கூடாக நிற்கிறது. மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1649-இல் நாடாளுமன்றத்தின் உத்தரவில் இடித்துவிட்டார்கள். கல்லை இடிக்கலாம். இடித்த கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு கட்டலாம். மேட்டை யார் இடிப்பார்கள்? இடித்து என்ன கிடைக்கும்? அந்த மண்ணை எடுத்துப் போட வேறு இடம் தேட வேண்டும், அவ்வளவுதான். மேடு கல் கோட்டைக்கு 150 ஆண்டு முன்னால் வந்தது, கல் கோட்டை இடிந்த பிறகும் நிற்கிறது. 1095-இல் வேல்ஸ் படை இந்த மேட்டுக் கோட்டைக்குள் புகுந்து காவலர்களைக் கொன்றதை, இங்கிலாந்துத் துறவிகள் ஆண்டுவாரியாக எழுதிவந்த ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது. அப்போது ரோஜர் இறந்துவிட்டார், மகன் ஹியூ ஏர்ல். ஹியூவும் 1098-இல் ஆங்கிள்சி தீவில் செத்தார். அவருக்குப் பின் வந்த அண்ணன் ராபர்ட் 1102-இல் மன்னன் முதலாம் ஹென்றிக்கு எதிராகக் கிளம்பி எல்லாவற்றையும் இழந்தார். கோட்டை பால்ட்வின் த பூலர் என்பவர் கைக்குப் போனது. இன்றைக்கும் மான்ட்கோமரி ஊருக்கு வேல்ஸ் மொழியில் அந்தப் பால்ட்வினின் பெயர்தான். ரோஜர், ஹியூ, ராபர்ட், பால்ட்வின், பால்ட்வினின் வாரிசுகள் என்று ஆள்மேல் ஆள் வந்து போனார்கள். 1223-க்குப் பிறகும் மேட்டை விட்டுவிடவில்லை. துறைக்குக் காவல் நிலையமாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஆள் இருந்தது. 1267-இல் மூன்றாம் ஹென்றி அந்த ரித்விமன் துறையில்தான் லிவெலின் அப் க்ரிஃபித்தை வேல்ஸ் இளவரசர் என்று ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் சொல்ல வந்தது. இந்தக் கோட்டையில் பிரபுவுக்கு உரியவை எவை? உச்சியில் நின்ற கோபுரம், விருந்து நடந்த கூடம், கொடி பறந்த வாசல். எல்லாமே மரம். எல்லாமே மட்கிப்போனது. மிச்சம் இருப்பது மண்வெட்டி பிடித்தவனின் வேலை மட்டும். அகழி, கரை, மேடு. பிரபுக்கள் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்கள் வாழ்ந்த ஒரு அறைகூட இல்லை. வெட்டியவர்கள் ஒருவர் பெயர்கூட இல்லை, அவர்கள் செய்த வேலை அப்படியே நிற்கிறது. கல் கோட்டையில் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அங்கே கொத்தனாரின் வேலைப்பாடும் அரசனின் ஆசையும் ஒரே சுவரில் கலந்து நிற்கும்.

வெட்டியவர்கள்

வில்லியம் இங்கிலாந்தை வென்ற கதையைத் தையலில் சொல்கிற பாயோ திரைச்சீலையில், ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் கோட்டை எழுப்பும் காட்சி ஒன்று உண்டு. அந்தத் திரைச்சீலையில் குதிரைகளையும் வாள்களையும் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மேற்பார்வை செய்கிற நார்மன் ஒருவர், கையில் கொடிக்கம்பு. நடுவில் வேலையாட்கள். மேடு பட்டை பட்டையாக, நிறம் மாற்றி மாற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டைகள், மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு ஏற்றியதைத்தான் காட்டுகின்றன என்று பலரும் கொள்கிறார்கள். வேலையாட்களில் இரண்டு பேர் மண்வாரியை ஓங்கி ஒருவர் மண்டையில் ஒருவர் போட்டுக்கொள்கிறார்கள். அது சண்டையா, விளையாட்டா? தையல்காரிகள் அதை ஏன் சேர்த்தார்கள்? எனக்கு அந்த இரண்டு பேரைப் பார்க்கும்போதெல்லாம், நாள் முழுக்க மண் வாரிய பிறகு வரும் எரிச்சல்தான் தெரிகிறது. அவர்கள் கையிலிருந்த கருவியும் நம் முழு இரும்பு மண்வெட்டி இல்லை. அந்தக் காலத்து மண்வாரியின் அலகு மரம். விளிம்பில் மட்டும் ஒரு இரும்புப் பட்டை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடியில் 40 மீட்டர், உச்சியில் 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் என்று நடுத்தரமாக ஒரு மேட்டை வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 4,400 கனமீட்டர் மண் இருக்கும். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டி, கூடையில் அள்ளி, சரிவில் ஏறிக் கொட்டி, மிதித்து இறுக்க இரண்டு கனமீட்டர் என்று தாராளமாகவே விட்டாலும் 2,200 ஆள்நாள். நூறு பேர் மூன்று வாரத்துக்கு மேல். இது மேடு மட்டும். முற்றத்தின் இரட்டை அகழி, இரட்டைக் கரை தனி. மரம் வெட்டி இழுத்து வருவது தனி. எல்லைப் பகுதியில், எந்த நேரமும் தாக்குதல் வரலாம் என்ற நிலையில், விதைப்பா அறுப்பா என்று பார்க்காமல் ஆள் பிடித்திருப்பார்கள். ஹென் டோமெனின் மண் பனியாறு விட்டுப்போன களிமண். மழை பெய்தால் மண்வாரியை விட்டு இறங்காது, காய்ந்தால் உள்ளே இறங்காது. கட்டுமான வேலையில் பாண்டு சுமந்தவர்களைக் கேட்டால் ஈரக் களிமண்ணின் கனம் என்ன என்று சொல்வார்கள்.

இதை நானாகக் கற்பனை செய்துகொண்டு உருகவில்லை. 1087-இல் வில்லியம் இறந்தபோது குறிப்பேட்டில் எழுதிய துறவி, மன்னரின் பெருமைகளைச் சொல்லிவிட்டு, எதுகை போட்டு ஒரு கணக்குத் தீர்க்கிறார்: கோட்டைகளைக் கட்டச் செய்தார், ஏழைகளை வாட்டி வதைத்தார். கோட்டையும் ஏழையும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த வரியை முதலில் கோட்டையிலிருந்து தொடங்கியிருக்கிறார் பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு அந்நிய ஆட்சி என்றால் கண்ணுக்கு முன்னால் எழும்பிய மேடுதான். இதே ஏர்ல் ரோஜர் ஷ்ரூஸ்பரியில் கோட்டை கட்டியபோது 51 வீட்டுமனைகள் அதற்குள் போயின. ஆனால் வரி மட்டும் குறையவில்லை. பழைய வரியையே முழுசாகக் கட்டச் சொல்வது கொடுமை என்று அந்த ஊர் ஆங்கிலேயர்கள் புலம்பியதை, டூம்ஸ்டே எழுத்தர்கள் மனுவாகவே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவனின் கணக்குப் புத்தகத்தில் தோற்றவனின் குரல் இப்படி ஒரு வரியில் நுழைந்துவிடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

தூரிகையில் தெரிந்த வயல்

ஹென் டோமெனை மற்ற மேடுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அங்கே நடந்த அகழாய்வு. பிலிப் பார்க்கர் 1960-இல் தொடங்கினார். பிறகு ராபர்ட் ஹைம் சேர்ந்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல், கோடைக்குக் கோடை வந்து, முற்றத்தின் வடபாதியைக் கரண்டியாலும் தூரிகையாலும் தோலுரித்துப் பார்த்தார்கள். அவசரம் இல்லை, பெரிய பணம் இல்லை. அதுவரை பழக்கத்திலிருந்த முறை, குறுக்கே ஒரு பள்ளம் வெட்டிச் சுவர் எங்கே போகிறது என்று துரத்துவது. மரக் கோட்டையில் அது பலிக்காது. கம்பம் நட்ட குழி இருந்தால் தெரியும். ஆனால் பிற்காலக் கட்டடங்கள் பல, குழியே தோண்டாமல், தரைமேல் கிடத்திய உத்திரத்தின் மேல் எழும்பியவை. அவை விட்டுப்போனது கூழாங்கல் பரப்பில் ஒரு வெறுமையான கோடு, கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அரித்த ஒரு வரி, மிதித்து இறுகிய ஒரு திட்டு. பெரிய பரப்பை ஒரே நேரத்தில் திறந்து, முழங்காலிட்டு, சரிந்த வெயிலில் பார்த்தால்தான் வீடு தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்து, முற்றம் எவ்வளவு நெரிசலாக இருந்தது, ரோஜர் காலத்துப் பெரிய கட்டடங்கள் போய்ப் பின்னால் எப்படிச் சின்னச் சின்னதாக மாறின என்று எழுதினார்கள். கிடைத்த பொருட்களோ மிகக் கொஞ்சம். எல்லைக் காவல் வாழ்க்கை வறண்ட வாழ்க்கை.

அந்த வேலையில் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. முற்றத்தின் மண்கரையை வெட்டி இறங்கியபோது, கரைக்கு அடியில், கோட்டைக்கு முந்தைய தரை மட்டத்தில், உழவுச் சால்கள் கிடந்தன. பாத்தி மேடும் சால் பள்ளமுமாக, வரிசையாக. கோட்டை வருவதற்கு முன்பு யாரோ அங்கே ஏர் ஓட்டியிருக்கிறார்கள். கரைக்காக வெட்டிக் கொட்டிய மண் அந்த உழவை மூடிப் பாதுகாத்துவிட்டது. நார்மன்களுக்கு முந்தைய வயல் இப்படிக் கைபடாமல் கிடைப்பது பிரிட்டனில் அபூர்வம்.

டூம்ஸ்டே இந்த நிலத்தைப் பற்றி என்ன சொல்கிறது? கோட்டைக்குச் சேர்ந்த 52½ ஹைடு (அந்தக் காலத்து நில அளவு) நிலம், நார்மன்கள் வருமுன் ஆண்ட எட்வர்ட் மன்னர் காலத்தில் செவார், ஓஸ்லாக், ஏசோர் என்ற மூன்று சாக்ஸன் பிரமுகர்களிடம் வரியில்லாமல் இருந்தது, அவர்கள் அதை வேட்டைக்கு வைத்திருந்தார்கள் என்கிறது. ஆவணம் வேட்டைக்காடு என்கிறது. மண் அதற்கு ஒரு தலைமுறை முந்திய கதையைச் சொல்கிறது: உழுத நிலம், பிறகு உழவு நின்றுபோன நிலம். 1066-க்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேல்ஸ் அரசன் க்ரிஃபித் அப் லிவெலினின் படையெடுப்புகளில் எல்லையோரக் கிராமங்கள் பாழானது தெரிந்த வரலாறு. இந்த வயலும் அதில்தான் தரிசானது என்று நம்புவதற்கு இடம் இருக்கிறது. கடைசியாக அங்கே ஏர் பிடித்தவர் ஓடிப்போனாரா, செத்தாரா, பிடித்து வரப்பட்டு அதே நிலத்தில் அகழி வெட்டினாரா?

பெரிய மனிதர்களைத் தேடித்தான் எல்லோரும் கோட்டையைத் தோண்டுகிறார்கள். முப்பது ஆண்டு பொறுமைக்கு இங்கே கிடைத்தவற்றில் என் கணக்கில் முதலிடம் ஒரு விவசாயியின் கடைசி உழவுக்கு. அதைப் படித்த பிறகு "வெறும் மண்" என்ற சொல்லை என்னால் அமைதியாகக் கேட்க முடியவில்லை. மண்ணை இவ்வளவு நுணுக்கமாக யாராவது படிக்க உட்கார்ந்தால், எந்த ஆவணமும் சொல்ல மறுத்ததை அது சொல்கிறது.

கிளைவ் வீட்டிலிருந்து

கார் போவிஸிலிருந்து வந்த பாதையை இன்னொரு முறை சொல்ல வேண்டும். திப்புவின் பொருட்களைக் கொண்டுவந்த குடும்பம் கிளைவ் குடும்பம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், போவிஸ் வீட்டுப் பெண் ஹென்ரியட்டாவைக் கட்டியவர். 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். ஊர் திரும்பியதும் 1804-இல் போவிஸ் ஏர்ல் ஆனார். அவர் கவர்னராக இருந்த அதே ஆண்டுகளில்தான் 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கினார்கள். அது மண் கோட்டை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், இடித்த சுவர்கள் மறுபடி நிற்கின்றன, மேலே ஆட்கள். படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தாங்கள் திகைத்துப்போனதை மறைக்காமல் எழுதினார். மார்ச் 31-இல் நடந்த பெரிய தாக்குதலும் தோற்றது. மே 24 வரை அந்த மண் சுவர் பீரங்கிக்கு ஈடுகொடுத்தது.

நார்மன் மேடு ஆள வந்தவனுடையது, பாஞ்சாலங்குறிச்சி ஆள வந்தவனை எதிர்த்தது. இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. மண் கோட்டை கட்டத் தெரியாதவனின் கோட்டை என்ற எண்ணத்தைத்தான் கேட்கிறேன். கையும் கூடையும் போதும், ஊரே கூடினால் ஒரு வாரத்தில் எழும்பும், குண்டை விழுங்கிக்கொள்ளும். விரும்பிச் செய்தவர்களுக்கும் அடித்து வேலை வாங்கப்பட்டவர்களுக்கும் மண் ஒரே பலத்தைத்தான் கொடுத்தது. போவிஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கப் போகிற தமிழர்கள் நிறைய. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இந்த மேடு இருக்கிறது.

போகிறவர்கள் இலை உதிர்ந்த மாதங்களில் போங்கள், மேட்டின் வடிவம் அப்போதுதான் தெரியும். கல் கோட்டைக்கு முதலில் ஏறாதீர்கள். ஹென் டோமெனைப் பார்த்துவிட்டு ரித்விமன் துறை எந்தப் பக்கம் என்று விசாரித்து, மேட்டிலிருந்து அது எவ்வளவு பக்கம் என்று கணித்துக்கொண்டு, அதன்பிறகு ஊருக்குள் வந்து பாறை ஏறுங்கள். அந்த வட்டாரத்தில் இதே போன்ற சின்ன மேடுகள் வயல்களுக்கு நடுவே இன்னும் பல உண்டு, பெரும்பாலானவற்றுக்குப் பலகைகூடக் கிடையாது. ஒன்றைப் பார்த்த கண்ணுக்கு மற்றவை தானாகப் புலப்படும்.